வட்டுத்தொகுதி தடுமாறுகிறது: எல்லாவற்றையும் எஸ்.எஸ்.டி.க்கு மாற்றுவதுதான் வழியா?

ஜூன் 2, காலை 11.15
வேலந்தாவளத்திலிருந்து ஒரு வாசகர் எழுப்பிய கேள்வி

எங்கள் எடிட்டிங் கூடத்தில் 8 டெராபைட் ஹார்டு டிஸ்க் ஆறினை லினக்ஸில் ரெய்டு 5 ஆக, அதாவது ஒரு வட்டு பழுதானாலும் தரவு தப்பும்படி ஒரே தொகுதியாகக் கட்டி நான்கு ஆண்டுகளாக ஓட்டி வருகிறோம். சென்ற ஆண்டு ஒரு வட்டு பழுதாகிப் புதிது மாற்றினோம். இரண்டு கணினிகள் இருந்தவரை குறையில்லை. இப்போது நான்கு கணினிகளிலிருந்து வேலை நடக்கிறது. டைம்லைன் நின்று நின்று ஓடுகிறது. அதே தொகுதியில் இருக்கும் கணக்கு மென்பொருளில் ஒரு பில்லைச் சேமிக்க 4 விநாடி ஆகிறது. ஹார்டு டிஸ்கின் காலம் முடிந்துவிட்டது, எல்லாவற்றையும் சுழலும் பாகமில்லாத எஸ்.எஸ்.டி.யாக மாற்றுவது ஒன்றே வழி என்று கடையில் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. தொகை சில லட்சத்தைத் தொடுகிறது. வேறு வழி உண்டா?

ஜூன் 2, இரவு 9.40

உண்டு என்றே நினைக்கிறேன். பணத்தை எடுத்து வைப்பதற்கு முன் ஒரு வேலைநாள் முழுவதும் தொகுதியை அளந்து பாருங்கள். நான் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் இதே தொழிலுக்கு இதே போன்ற தொகுதிகளைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். அளக்காமல் வாங்கிய ஒவ்வொரு முறையும் தவறான பொருளைத்தான் வாங்கியிருக்கிறேன்.

முதலில் ஓர் எளிய கணக்கு. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் வட்டு ஒரு சுற்றை முடிக்க 8.33 மில்லிவிநாடி எடுக்கும். வேண்டிய இடம், படித்து எழுதும் தலைமுனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.17 மில்லிவிநாடி ஆகும். தலைமுனை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு நகர்வதற்கு 8 அல்லது 9 மில்லிவிநாடி. இரண்டையும் கூட்டினால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய கோரிக்கைகளில் விநாடிக்கு ஏறத்தாழ 80-ஐத்தான் ஒரு வட்டு நிறைவேற்ற முடியும். அதே வட்டு, தொடர்ச்சியாகக் கிடக்கும் கோப்பைப் படிக்கும்போது விநாடிக்கு 150 மெகாபைட்டுக்கு மேல் தரும். ஆகவே தொகுதிக்கு வந்து சேரும் வேலை சிதறியதா, தொடர்ச்சியானதா என்பதுதான் முதற்கேள்வி.

வட்டுகளின் வேலையை அளக்கும் ஐஓஸ்டாட் என்ற லினக்ஸ் கருவியை அதன் விரிவான வடிவில், 5 விநாடிக்கு ஒரு முறை பதியும்படி காலை 10 முதல் மாலை 6 வரை ஓட விடுங்கள். வட்டிலிருந்து படிப்பு எவ்வளவு, வட்டுக்கு எழுத்து எவ்வளவு, ஒரு கோரிக்கையின் சராசரி அளவு என்ன, காத்திருப்பு எத்தனை மில்லிவிநாடி என்பவை தெரிந்தால் போதும்.

ஜூன் 3, காலை 6.30

பில்லைச் சேமிக்க ஏன் 4 விநாடி ஆகிறது என்று இரவு யோசித்துக்கொண்டிருந்தேன். காரணம் பெரும்பாலும் ரெய்டு 5-இன் சிறு எழுத்துச் சுமைதான்.

ரெய்டு 5-இல் 8 கிலோபைட் அளவுள்ள ஒரு சிறு மாற்றத்தை எழுத வேண்டுமானால், பழைய தரவைப் படிக்க வேண்டும், பாரிட்டி எனப்படும், இழந்த வட்டை மீட்க உதவும் சரிபார்ப்புத் தரவின் பழைய வடிவத்தைப் படிக்க வேண்டும், புதிய பாரிட்டியைக் கணக்கிட்டுப் புதிய தரவையும் புதிய பாரிட்டியையும் எழுத வேண்டும். ஓர் எழுத்துக்கு நான்கு வட்டு வேலைகள். ரெய்டு 6-இல் பாரிட்டி இரண்டு என்பதால் ஆறு வேலைகள். தரவை அப்படியே இரண்டு வட்டுகளில் வைக்கும் ரெய்டு 10-இல் இரண்டே. உங்கள் ஆறு வட்டுகளும் சேர்ந்து விநாடிக்கு 480 சிதறிய வேலைகளைச் செய்யக்கூடும் என்று கொண்டால், சிறு எழுத்துகள் என்ற கணக்கில் அது 120 ஆகச் சுருங்குகிறது. ஆறு வட்டு வாங்கியவருக்குச் சிறு எழுத்தில் கிடைப்பது ஒன்றரை வட்டின் வேகம்.

இது புதிதாகக் கண்டறிந்த குறையன்று. ரெய்டு என்ற பெயரையே தந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகியோரின் 1988-ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே சிறு எழுத்துகளின் இந்தச் செலவு விளக்கப்பட்டிருக்கிறது. எல்லா வட்டுகளிலும் ஒரே வரிசையில் அமையும் துண்டுகளின் தொகுப்பை ஸ்ட்ரைப் என்பார்கள்; அது முழுவதையும் ஒரே வீச்சில் எழுதினால் பழையதைப் படிக்கும் தேவையே எழாது. லினக்ஸில் ரெய்டைக் கட்டும் கருவியான எம்டிஏடிஎம் இயல்பாக வைக்கும் 512 கிலோபைட் துண்டில், ஐந்து தரவு வட்டுகளுக்கு ஒரு முழு ஸ்ட்ரைப் 2.5 மெகாபைட் ஆகிறது. பெரிய வீடியோ கோப்பு அந்த அளவை எளிதாக நிரப்பிவிடும்; ஒரு பில்லால் நிரப்ப முடியாது.

கணக்கு மென்பொருள்கள் இன்னொன்றும் செய்கின்றன. எழுதியது வட்டில் பத்திரமாக இறங்கிவிட்டது என்ற உறுதி வரும்வரை அடுத்த அடியை எடுத்து வைக்க மாட்டா. ஒரே பில்லுக்குள் அப்படி முப்பது நாற்பது உறுதிகளைக் கேட்கும் மென்பொருளை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வோர் உறுதியும் வீடியோ நெரிசலுக்குள் 100 மில்லிவிநாடி காத்துக் கிடந்தால் 4 விநாடி தானாகவே வந்துவிடுகிறது.

ஜூன் 3, பகல் 1.05

ஒன்றைக் கேட்க மறந்தேன். வட்டுகள் இருக்கும் சேவைக் கணினியிலிருந்து சுவிட்சுக்குப் போகும் கேபிள் ஒரு கிகாபிட்டா, பத்து கிகாபிட்டா? ஒரு கிகாபிட் என்றால் ஏட்டளவில் விநாடிக்கு 125 மெகாபைட், நடைமுறையில் 110 முதல் 117 வரை. நான்கு கணினிகளும் மூன்று மூன்று அடுக்காக 100 மெகாபிட் கேமராக் கோப்புகளை ஓட்டினால் 12 ஓட்டங்கள், விநாடிக்கு 150 மெகாபைட். வட்டுகள் எத்தனை வேகமாக இருந்தாலும் அந்தக் கேபிளுக்குள் அது நுழையாது.

ஜூன் 5, இரவு 10.20

உங்கள் அளவீடு வந்து சேர்ந்தது. நன்றாகப் பொறுமையாக எடுத்திருக்கிறீர்கள். இணைப்பு ஒரு கிகாபிட் என்று எழுதியிருப்பதையும் குறித்துக்கொண்டேன். ஆனால் பகல் நேரத்தில் ஓட்டம் 80 மெகாபைட்டைத் தாண்டவேயில்லை. கேபிள் நிரம்புவதற்கு முன்பே தடுமாற்றம் தொடங்கிவிடுகிறது. ஆகவே கேபிள் அடுத்த தடை. முதல் தடை அன்று.

சராசரிக் காத்திருப்பு 14 மில்லிவிநாடிதான், அது மோசமில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கேதான் சராசரி நம்மை ஏமாற்றுகிறது. நம் பக்கத்து விவசாயிகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஆழியாற்றிலிருந்து மூலத்தறை வழியாகப் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக் கால்வாய்களில் தண்ணீர் திறந்துவிட்டால், கால்வாயில் சராசரியாக எத்தனை அடி ஓடுகிறது என்று கடைமடைக்காரர் கேட்பதில்லை. தம் வயலுக்கு என்றைக்கு வந்து சேரும் என்றுதான் கேட்பார். தொகுதியிலும் நாம் பார்க்க வேண்டியது கடைமடைத் தாமதத்தைத்தான். நூறு கோரிக்கைகளில் 99 பேர் 5 மில்லிவிநாடியில் பதில் பெற்று, ஒருவர் மட்டும் 900 மில்லிவிநாடி நின்றால், சராசரி 14 மில்லிவிநாடிதான் வரும். ஆனால் விநாடிக்கு 25 படச்சட்டம் ஓடும் வீடியோவில் ஒரு சட்டத்துக்குக் கிடைக்கும் நேரம் 40 மில்லிவிநாடி. அந்த ஒரு கோரிக்கை இருபதுக்கும் மேற்பட்ட சட்டங்களை விழுங்கிவிடும். கண்ணுக்குத் தெரிவது அந்தத் தடுமாற்றம்தான்.

ஐஓஸ்டாட் சராசரியைத்தான் தரும். பயோலேட்டன்சி என்ற கருவி தாமதங்களைப் படிப்படியாகப் பிரித்து, எந்தப் படியில் எத்தனை கோரிக்கை விழுந்தது என்று காட்டும். அதையும் ஓட்டிப் பாருங்கள்.

உங்கள் குறிப்பில் பயன்பாடு 100 விழுக்காடு என்று இருப்பதைப் பார்த்துத் தொகுதி நிரம்பிவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். ஏதேனும் ஒரு வேலையாவது நடந்துகொண்டிருந்த நேரத்தைத்தான் அந்த எண் குறிக்கிறது. ஆறு வட்டுகள் ஒரே நேரத்தில் உழைக்கும் தொகுதியில் ஒன்று மட்டும் உழைத்தாலும் அது 100 என்றே காட்டும். வரிசையின் நீளத்தைப் பாருங்கள். சராசரியாக 40 கோரிக்கைகள் நிற்கின்றன, விநாடிக்கு 400 நிறைவேறுகின்றன என்றால், ஒவ்வொன்றும் 100 மில்லிவிநாடி உள்ளே இருக்கிறது என்று பொருள். ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய இந்த உறவு வங்கி வரிசைக்கும் பொருந்தும், வட்டு வரிசைக்கும் பொருந்தும்.

ஜூன் 6, இரவு 11.50

வட்டுகளை நிர்வகிக்கும் கன்ட்ரோலர் அட்டை ஒன்றை வாங்கி, அதன் கேச்சில், அதாவது தற்காலிக நினைவகத்தில், எழுத்துகளை ஏற்றுக்கொள்ள வைத்தால் வேகம் கிடைக்குமே என்று கோபாலபுரத்து நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். கிடைக்கும். எழுத்து கேச்சின் நினைவகத்தில் இறங்கியவுடனே முடிந்ததாக அறிவித்துவிட்டு, பிறகு ஒழுங்குபடுத்தி வட்டுக்கு அனுப்பும் ரைட்-பேக் முறை, ரெய்டு 5-இன் நான்கு மடங்குச் சுமையைப் பெருமளவு மறைத்துவிடும். ஆனால் அதன் உயிர், மின்தடையின்போது கேச்சைக் காக்கும் பேட்டரியில் இருக்கிறது. என் சொந்த அனுபவத்தை எழுதாமல் இதைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை.

எங்கள் பழைய தொகுதி அப்படிப்பட்ட ஓர் அட்டையில் ஓடியது. மாதத்துக்கு ஒரு நாள், சில மணிநேரம், காரணமே தெரியாமல் எழுத்து வேகம் பாதாளத்துக்குப் போகும். மறுநாள் சரியாகிவிடும். வட்டை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், சுவிட்சையும் மாற்றினேன். கடைசியில் அட்டையின் பதிவேட்டைத் தேதி வாரியாகப் படித்தபோதுதான் புரிந்தது. அட்டை தன் பேட்டரியைக் குறிப்பிட்ட இடைவெளியில் முழுவதும் வடித்து, மீண்டும் நிரப்பி, அதன் திறனைத் தானே சோதித்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் கேச்சை நம்ப முடியாது என்பதால் ஒவ்வோர் எழுத்தையும் நேரே வட்டுக்கு அனுப்பும் ரைட்-த்ரூ முறைக்கு மாறிவிடுகிறது. விற்றவர் இதைச் சொல்லவில்லை. நானும் கையேட்டைப் படித்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு செய்ததுதான் பெரிய தவறு. பேட்டரி முதிர்ந்து அட்டை நிரந்தரமாக ரைட்-த்ரூவில் நின்றுவிட்டபோது, புதிய பேட்டரி வரும்வரை என்று சொல்லிக்கொண்டு, பேட்டரி இல்லாமலே ரைட்-பேக்கைக் கட்டாயமாக இயக்கும் தெரிவை அழுத்தினேன். யூ.பி.எஸ். இருக்கிறதே என்ற தைரியம். அது தென்மேற்குப் பருவமழை தொடங்கிய வாரம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு இடியும் சேர்ந்த ஓர் இரவில் மின்சாரம் போனது, யூ.பி.எஸ்.ஸின் பேட்டரியும் முதிர்ந்திருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. கேச்சில் இருந்தவை போயின. கோப்பு முறைமையின் அட்டவணை சிதைந்தது. ஒரு குடும்பத்தின் திருமணப் பதிவில் முகூர்த்த நேரத்துக் கோப்புகள் முழுவதும் திரும்பவில்லை. மெமரி கார்டுகளை அன்று மாலையே அழித்து வேறு வேலைக்குக் கொடுத்திருந்தோம். அந்தப் பெண்ணின் தகப்பனார் அடுத்த ஆண்டு இறந்துவிட்டார். அவர் கையால் மகளைத் தாரை வார்த்துக் கொடுத்த காட்சி அந்த வீட்டில் இல்லை. வேகத்துக்காகப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கும் எந்த யோசனையையும் அன்றிலிருந்து நான் எவருக்கும் சொல்வதில்லை. உறுதி கேட்கும் எழுத்துகளுக்குப் பொய் உறுதி தரும்படி கோப்பு முறைமையை அமைப்பதும் இதே வகைதான். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

ஜூன் 7, காலை 7.10

ஜூன் 3-இல் எழுதிய கணக்கில் ஒரு திருத்தம் வேண்டும். 120 என்பது மிக மோசமான நிலை. லினக்ஸின் மென்பொருள் ரெய்டு ஒரு சிறு ஸ்ட்ரைப் கேச்சை வைத்திருக்கிறது. அடுத்தடுத்த எழுத்துகள் ஒரே ஸ்ட்ரைப்பில் வந்து சேர்ந்தால் அவற்றை ஒன்றாக்கி எழுதும். அதன் இயல்பான அளவு, வட்டொன்றுக்கு 4096 பைட் கொண்ட 256 இடங்கள் மட்டுமே. பல ஓட்டங்கள் ஒரே நேரத்தில் எழுதும் இடத்துக்கு அது போதாது. 8192 ஆக உயர்த்திப் பாருங்கள். நினைவகச் செலவு, 4096 பைட்டை 8192-ஆலும் வட்டு எண்ணிக்கையான 6-ஆலும் பெருக்கினால் வருவது, அதாவது ஏறத்தாழ 200 மெகாபைட். கணினியை மறுபடி இயக்கினால் பழைய அளவுக்குத் திரும்பிவிடும்; தொடக்க நிரலில் எழுதி வையுங்கள்.

கோப்பைத் திறந்த நேரத்தைப் பதியாமல் தடுக்கும் தெரிவை இட்டுப் பார்த்து, பயன் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். தெரியாது. லினக்ஸ் 2.6.30-இலிருந்தே அந்தப் பதிவு குறைக்கப்பட்ட வடிவில்தான் நடக்கிறது. பழைய அறிவுரைகள் இணையத்தில் அழியாமல் சுற்றி வருகின்றன.

ஜூன் 9, மாலை 5.30

பில்லுக்கான தீர்வு. கணக்குத் தரவுத்தளத்தை வீடியோத் தொகுதியிலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டு சிறிய எஸ்.எஸ்.டி.களைக் கண்ணாடிப் பிரதியாக, அதாவது ரெய்டு 1 ஆகக் கட்டி அதில் வையுங்கள். 480 கிகாபைட் அளவே உங்களுக்கு மிகுதி. வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மின்தடையின்போது உள்ளிருப்பதை எழுதி முடிக்கும் மின்தேக்கிகள் அதில் இருக்க வேண்டும். அவை இருந்தால் உறுதி கேட்கும் எழுத்தைத் தன் நினைவகத்தில் ஏற்றவுடனே நேர்மையாக உறுதி தர அதனால் முடியும். இல்லாத வகை, ஒவ்வொரு முறையும் ஃபிளாஷ் வரை இறக்கிவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும். வீட்டுக் கணினிக்கான மலிவான எஸ்.எஸ்.டி.களில் பெட்டியின்மேல் அச்சிட்ட வேகத்தைப் பார்த்து வாங்கியவர்கள் தரவுத்தளத்தில் ஏமாறுவது இதனால்தான்.

ஜூன் 10, காலை 6.45

அதோடு ஒன்று. இரண்டு எஸ்.எஸ்.டி.களும் ஒரே மாதிரி, ஒரே நாளில் வாங்கியவை என்றால் ஒரே அளவு எழுத்தைத் தாங்கி ஒரே வேகத்தில் தேயும். வேறு வேறு தயாரிப்பாக இருப்பது நல்லது. ஐந்தில் ஒரு பங்கு இடத்தைப் பார்ட்டிஷனாகப் பிரிக்காமல் வெறுமையாகவே விட்டுவையுங்கள். உள்ளே இடம் ஒழிக்கும் வேலை அதற்கு எளிதாகும்.

ஜூன் 12, இரவு 9.15

பயோலேட்டன்சியின் முடிவைப் பார்த்தேன். 500 மில்லிவிநாடிக்கு மேல் ஒரு தனிக் கூட்டம் நிற்கிறது. நடுவில் படிகள் காலியாக இருக்கின்றன. பொதுவான நெரிசல் என்றால் தாமதம் படிப்படியாகச் சரியும். இப்படித் தனித்து நிற்பது வேறு ஏதோ ஒன்றைக் காட்டுகிறது. எந்த நேரத்தில் வருகிறது என்று கடிகாரத்தோடு ஒப்பிட்டீர்களா?

நான் இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் கூடத்தின் பின்சுவரை ஒட்டி ஓர் அரிசி ஆலை இருக்கிறது. அங்கே ஹல்லர் ஓடும் நேரங்களில் மட்டும் எங்கள் தொகுதியின் தாமதம் ஏறியது. மின்னழுத்தம் குறைகிறது என்றே பல வாரம் நம்பினேன். ஒரு நாள் மாலை ரேக்கின்மேல் கை வைத்தபோது விரலில் அதிர்வு தெரிந்தது. தலைமுனை தடத்தைவிட்டு நூலிழை விலகினால் வட்டு எழுத மறுத்து, அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கும். ஒவ்வொரு முறையும் 8.33 மில்லிவிநாடி வீண். 2008-இல் சன் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் கிரெக் வட்டு வரிசையின் முன் உரக்கக் கத்தி, அந்த ஒலியதிர்விலேயே தாமதம் ஏறுவதைப் படம்பிடித்துக் காட்டினார். நாங்கள் ரேக்கைச் சுவரிலிருந்து எதிர்ப்பக்கம் நகர்த்தி, அடியில் கனமான ரப்பர் பட்டைகளை வைத்தோம். அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

ஜூன் 13, பகல் 2.00

உங்கள் கூடத்துக்கு அருகே ஆலை எதுவும் இல்லை, தாமதம் நேரம் பார்த்து வரவில்லை, பெரிய அளவில் எழுதத் தொடங்கிச் சில நிமிடம் கழித்தே வருகிறது என்று பதில் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிதான் முக்கியம். ஆறு வட்டுகளின் கணக்கையும் தனித்தனியாக அனுப்புங்கள். இதுவரை தொகுதியின் மொத்தக் கணக்கை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

ஜூன் 14, இரவு 10.40

கிடைத்துவிட்டது.

ஐந்து வட்டுகளின் எழுத்துக் காத்திருப்பு 12 முதல் 18 மில்லிவிநாடிக்குள் இருக்கிறது. நான்காவது வட்டு மட்டும் 400-ஐத் தாண்டுகிறது. சென்ற ஆண்டு நீங்கள் மாற்றிய வட்டு அதுதான். அதன் மாதிரி எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரத்தாளைப் பார்த்தேன்; ஓடு வேய்ந்தது போல் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் எஸ்.எம்.ஆர். வகை அது. அந்த வகையில் ஒரு தடத்தை மாற்றினால் அதன்மேல் படிந்த அடுத்த தடம் கெடும் என்பதால், அந்தப் பகுதி முழுவதையும் எடுத்துத் திரும்ப எழுத வேண்டும். அதைத் தள்ளிப்போடுவதற்காகச் சிறிய இடைக்காலப் பகுதி ஒன்றை வைத்துக்கொண்டு, வரும் எழுத்துகளை முதலில் அங்கே கொட்டுகிறது. அது நிரம்பும்வரை மற்ற வட்டுகளைப் போலவே நடந்துகொள்ளும். நிரம்பிய பிறகு ஒரு கோரிக்கைக்கு அரை விநாடி, ஒரு விநாடி என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் சொன்ன சில நிமிடம் அந்தப் பகுதி நிரம்பும் நேரமே.

ரெய்டு 5-இல் ஒரு ஸ்ட்ரைப்பின் எழுத்து அதன் கடைசி வட்டு முடித்த பிறகே முடிகிறது. ஒரு வட்டு தளர்ந்தால் ஆறும் தளர்ந்தவைதான். இரண்டு கணினிகள் இருந்த காலத்தில் இடைக்காலப் பகுதி ஓய்வு நேரத்தில் காலியாகிக்கொண்டிருந்தது. நான்கு கணினிகள் அதற்கு ஓய்வே தருவதில்லை. கேட்ட அளவும் சுற்று வேகமும் ஒத்திருந்ததால் கடைக்காரர் நல்ல நம்பிக்கையோடுதான் கொடுத்திருப்பார். காப்பகத்துக்கு அது பழுதில்லாத வட்டு. பாரிட்டித் தொகுதிக்கு ஆகாது.

அந்த வட்டிடம் இன்னொன்றையும் சோதியுங்கள். படிக்க முடியாத இடம் ஒன்று வந்தால் 7 விநாடியில் கைவிட்டுப் பிழையைச் சொல்லும்படி தொகுதிக்கான வட்டுகளை அமைக்கலாம். அந்த வசதி இல்லாத வட்டு நிமிடக்கணக்கில் தானே முயன்றுகொண்டிருக்கும். லினக்ஸ் இயல்பாக 30 விநாடிதான் பொறுக்கும். அதற்குமேல் இணைப்பை மீட்டமைக்கும், வட்டு தொகுதியிலிருந்தே விலக்கப்படவும் கூடும்.

ஜூன் 15, காலை 6.20

அவசரப்பட்டு நான்காவது வட்டைக் கழற்றிவிடாதீர்கள் என்று சொல்லத்தான் காலையிலேயே எழுதுகிறேன். கழற்றிய நொடியில் உங்களுக்குப் பாதுகாப்பு இல்லை. எஞ்சிய ஐந்து வட்டுகளின் 40 டெராபைட்டையும் பிழையின்றிப் படித்தால்தான் கழற்றியதன் தரவை மீட்க முடியும். பல வட்டுகளின் விவரத்தாளில், 1-க்குப் பின் 14 சுழியம் போட்ட எண்ணிக்கையிலான பிட்டுகளைப் படிக்கும்போது மீட்க முடியாத பிழை ஒன்றுக்கு மேல் வராது என்று குறித்திருப்பார்கள்; அது 12.5 டெராபைட். அது உச்சவரம்பு என்பதையும், பெரும்பாலான வட்டுகள் அதைவிட நன்றாக நடந்துகொள்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் பிறர் வீட்டுத் திருமணங்களை அந்த நம்பிக்கையில் வைக்கக் கூடாது.

எம்டிஏடிஎம்மில் மாற்றீடு என்று ஒரு வசதி உண்டு. ஏழாவது இணைப்பில் புதிய வட்டைச் செருகி உபரியாகச் சேர்த்து, நான்காவதை இதனால் மாற்று என்று கட்டளையிட்டால், பழையது தொகுதியிலேயே இருக்க, அதன் உள்ளடக்கம் புதியதற்கு நகலாகும். நகல் முடிந்த பிறகே பழையது விலகும். எஸ்.எம்.ஆர். வட்டுக்குப் படிப்பதில் குறையில்லை என்பதால் இது நன்றாகவே நடக்கும். 8 டெராபைட்டை விநாடிக்கு 150 மெகாபைட்டில் நகலெடுக்க 15 மணிநேரம். பகல் வேலையும் சேர்ந்தால் கூடும். சனிக்கிழமை மாலை தொடங்குங்கள். முதலில் முழுக் காப்புப் பிரதி. புதிய வட்டு கோவையிலிருந்து வருவதானால், மாதிரி எண்ணைச் சொல்லி, தடங்கள் படியாத சி.எம்.ஆர். வகை என்று விவரத்தாளில் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

ஜூன் 23, இரவு 8.30

உங்கள் செய்தியைப் படித்து உண்மையாகவே மகிழ்ந்தேன். நூற்றில் மிகத் தாமதமாக நின்ற அந்த ஒரு கோரிக்கை 900-இலிருந்து 60 மில்லிவிநாடிக்கு வந்திருக்கிறது. பில் அரை விநாடிக்குள் முடிகிறது. ஒரு ஹார்டு டிஸ்க், இரண்டு சிறு எஸ்.எஸ்.டி. என்ற அளவில் செலவு நின்றது.

நான்கு கணினிகளும் சேர்ந்து ஓட்டினால் இன்னும் சிறிது தடுமாற்றம் இருக்கிறது என்கிறீர்கள். இப்போது ஓட்டம் 112 மெகாபைட்டில் முட்டி நிற்கிறது. இனிக் கேபிளின் முறை. சேவைக் கணினிக்கும் சுவிட்சுக்கும் இடையே மட்டும் பத்து கிகாபிட் போட்டால் போதும். எடிட்டிங் கணினிகள் ஒரு கிகாபிட்டிலேயே இருக்கலாம்.

அதைச் செய்தவுடன், கேட்பதற்கு முன்பே அடுத்த பகுதியையும் படித்து வைக்கும் முன்படிப்பையும் உயர்த்துங்கள். ஒவ்வொரு கோப்பும் தொடர்ச்சியானதுதான் என்றாலும், 12 ஓட்டங்கள் மாறி மாறிக் கேட்கும்போது தலைமுனை ஒவ்வொன்றுக்கும் தாவ வேண்டியிருக்கிறது. ஒரு தாவலுக்கு 12 மில்லிவிநாடி. அந்த நேரத்தில் அந்த வட்டு 1.8 மெகாபைட் படித்திருக்கும். ஆகவே ஒரு தாவலுக்கு அதைவிடக் குறைவாக அள்ளினால் பாதிக்கு மேற்பட்ட நேரம் தாவலிலேயே கழிகிறது. ஐந்து தரவு வட்டுகளுக்கும் சேர்த்து முன்படிப்பு 8 முதல் 16 மெகாபைட் வரை வைத்து, ஒவ்வோர் அளவையும் ஒரு நாள் ஒரு நாளாக அளந்து பாருங்கள். தரவுத்தளம் இதே தொகுதியில் இருந்திருந்தால் இந்த அளவைச் சொல்லியிருக்க மாட்டேன். சிறு கோரிக்கைகளுக்குப் பெரிய முன்படிப்பு சுமை.

ஜூலை 4, இரவு 9.50

தொகுதி 92 விழுக்காடு நிரம்பியிருக்கிறது என்று போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதையும் கவனிக்க வேண்டும். வட்டின் வெளித்தடங்களில் ஒரு சுற்றுக்குக் கிடைக்கும் தரவு மிகுதி. உள்தடங்களுக்குப் போகப் போக வேகம் பாதியளவுக்கு இறங்கிவிடும். பொதுவாகத் தொகுதியின் தொடக்கம் வெளித்தடத்தில் அமைவதால், நிரம்பிய பிறகு எழுதும் புதிய திருமணங்கள் மெதுவான பகுதியில் விழுகின்றன. இடம் குறைந்தால் கோப்புகளும் துண்டு துண்டாகச் சிதறும். ஒப்படைத்து முடிந்தவற்றை, கழற்றிய அந்த எஸ்.எம்.ஆர். வட்டிலேயே ஒரு பிரதியும் வேறொன்றில் இன்னொரு பிரதியும் எடுத்து அலமாரியில் வையுங்கள். அந்த வட்டுக்கு ஏற்ற வேலை அதுவே. தொகுதி 80-க்குக் கீழே இறங்கட்டும்.

ஜூலை 5, காலை 7.00

ரெய்டு 6-க்கு மாறலாமா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு: மாறுங்கள். சிறு எழுத்துக்கு நான்கு வேலை ஆறு வேலையாகும் என்று தொடக்கத்தில் எழுதினேன். ஆனால் சிறு எழுத்து செய்யும் கணக்குத் தரவுத்தளம் இப்போது வேறிடத்தில் இருக்கிறது. வீடியோ முழு ஸ்ட்ரைப்பாக எழுதுகிறது. 8 டெராபைட் வட்டுகளுக்கு ஒரு பாரிட்டி போதாது என்பதே என் கருத்து.

இருக்கும் தொகுதியை ஏழாவது வட்டோடு ரெய்டு 6 ஆக மறுவடிவாக்க எம்டிஏடிஎம்மால் முடியும். விநாடிக்கு 40 மெகாபைட் என்று கொண்டால் 55 மணிநேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் மின்சாரம் போகக் கூடாது என்பதால் யூ.பி.எஸ். பேட்டரியைச் சுமையேற்றிச் சோதித்த பிறகே தொடங்குங்கள். இப்போது வேண்டாம். ஆடி பிறந்துவிட்டால் தமிழ்நாட்டுப் பக்கம் முகூர்த்தம் இல்லை, கேரளத்தில் அது கர்க்கடக மாதம் என்பதால் இங்கும் இல்லை. ஆனித் திருமணங்களை ஒப்படைத்துவிட்டு, ஆடி இரண்டாவது வாரத்தில் வையுங்கள். யூ.பி.எஸ். சோதனைக்கு ஆள் வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். சுமைக்கு இரண்டு 500 வாட் ஹாலஜன் விளக்குகள் என்னிடம் இருக்கின்றன.